காடு வெட்டியவரும் கிராண்டு பெற்றவரும்

நிலம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், நம்மவரிற் பெரும்பாலோர் தயங்காமல் ஒரு விடை கூறுவர். காட்டை வெட்டித் திருத்தியவன் எவனோ, தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருந்தவன் எவனோ, அவனுக்கே நிலம் சொந்தம் என்பது அவ்விடை. நியாயத் தராசில் இட்டுப் பார்த்தால் இதிற் பழுது காண்பது அரிது. ஆயின், நாம் வாழும் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் 1891-ஆம் ஆண்டு முதல் வேரூன்றி வந்திருக்கும் நிலச்சட்டம் இவ்விடையை ஒப்புக்கொள்வதில்லை. நீ எத்தனை ஆண்டு உழைத்தாய், உன் பாட்டன் எந்த மரத்தை நட்டான், உன் தெய்வம் எந்த மேட்டில் எழுந்தருளியிருக்கிறது என்றெல்லாம் அது வினவுவதில்லை. பதிவேட்டில் எவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்ற ஒன்றையே வினவுகிறது. அந்த ஒரு வினாவை நம் சமூகம் காலத்திற் கேளாமற் போனதால் விளைந்தவற்றைச் சரித்திர முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அண்மைச் செய்தியொன்றை முதலில் நினைவூட்டுவோம். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலைப் பகுதியிலுள்ள தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் 130 ஆண்டுப் பழமையுடையதென்று சொல்லப்படுவது. அது நின்ற மனையை மாநகராட்சி 2014-ஆம் ஆண்டிலேயே ஜேக்கல் என்னும் துணி வணிக நிறுவனத்துக்கு விற்றுவிட்டதென்பதும், அங்கே பள்ளிவாசல் ஒன்று எழவிருக்கிறதென்பதும் 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாடெங்கும் பேச்சாயின. பல நாள் வாதத்துக்குப் பின், ஏறத்தாழ 50 மீட்டர் தொலைவிலுள்ள வேறோர் இடத்துக்கு ஆலயம் மாறுவதென்றும், அவ்விடம் வழிபாட்டிடமாக அரசிதழில் அறிவிக்கப்படுமென்றும் உடன்பாடு ஏற்பட்டது. கலகமின்றி முடிந்தது நன்றே. ஆயினும், நிலம் கைமாறிப் பத்தாண்டுக்கு மேல் ஆன பின்பே நம்மவரிற் பெரும்பாலோர் அதனைக் கேள்வியுற்றனர் என்பது சிந்திக்கத்தக்கது. நிலப்பதிவேடு ஒளித்து வைக்கப்பட்ட பொருளன்று. கட்டணம் செலுத்தி எவரும் அதைப் பார்க்கலாம். பார்க்கும் வழக்கம் நம்மிடையே இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

ஏடு பார்ப்பதே தொழிலானவர்

பிற நாடுகளில் இவ்வழக்கம் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. எண்ணெய்க் கம்பெனிகளுக்காக நிலவுரிமையை ஆராய்வோர் என்று ஒரு வகுப்பினர் அமெரிக்காவில் உளர். 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பென்சில்வேனியா மாகாணத்து டைட்டஸ்வில் என்னும் ஊரில் எட்வின் டிரேக் என்பவர் பூமியைத் துளைத்து எண்ணெய் கண்டார். 1901 ஜனவரியில் டெக்ஸாஸ் மாகாணத்து ஸ்பிண்டில்டாப் மேட்டில் எண்ணெய் பீறிட்டெழுந்தது. அந்நாட்டில் தனியார் நிலத்தின் மேற்பரப்பை உடையவன் பொதுவாக அதனடியிலுள்ள எண்ணெயையும் உடையவனாகிறான். விரும்பினால் மேலுரிமையை ஒருவனுக்கும் கீழுரிமையை மற்றொருவனுக்கும் பிரித்து விற்கலாம். தகப்பன் மேல்மண்ணை விற்றுக் கீழ்மண்ணை வைத்துக்கொண்டு மாள்வான். அது பிள்ளைகளுக்குப் பங்காகும். அவருள் சிலர் ஊரைவிட்டே போயிருப்பர். ஒருத்தி மணமாகி வேறு பெயரில் வாழ்வாள். துளையிட வரும் கம்பெனி இவர்களைத் தேடிப் பிடித்துக் குத்தகை எழுதி வாங்கியாக வேண்டும்.

ஆதலின், கம்பெனியின் சார்பில் ஒருவர் மாவட்ட நீதிமன்றத்து ஆவண அறையிற் போய் அமர்வார். கிரயப் பத்திரம், உயில், அடமானம், கோர்ட்டுத் தீர்ப்பு, வரிபாக்கி ஏலம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டி, அரசாங்கம் முதன்முதல் அந்நிலத்தை ஒருவனுக்கு வழங்கிய நாள் வரையிற் பின்னோக்கிச் செல்வார். சங்கிலியில் ஒரு கண்ணி அற்றிருந்தாலும் கிணற்றின் வருமானமெல்லாம் வழக்கில் மாட்டிக்கொள்ளும். பெரும்பொருளை மண்ணுக்குள் இறக்குமுன் ஏட்டைத் திறந்து பார்ப்பது அவர்களுக்கு முதற்காரியம். நாமோ கோபுரத்தை எழுப்பிக் கும்பாபிஷேகமும் நடத்திய பிறகு, மண் யாருடையது என்று கேட்கத் தொடங்குகிறோம்.

கப்பல் ஏட்டிலிருந்து பிறந்த சட்டம்

டிரேக் எண்ணெய் கண்டதற்கு முந்தின ஆண்டில், 1858-இல், தென் ஆஸ்திரேலியாவில் ஒரு சட்டம் நிறைவேறியது. அதனை முன்னின்று நடத்தியவர் ராபர்ட் ரிச்சர்ட் டாரன்ஸ் என்பவர். அவர் வக்கீல் அல்லர்; அடிலெய்டுத் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாய் இருந்தவர். ஒரு கப்பல் கைமாறும்போது அதன் பழம்பத்திரங்களையெல்லாம் எவரும் தேடி அலைவதில்லை. பதிவேட்டிற் பழைய பெயரை நீக்கிப் புதிய பெயரை எழுதினால் காரியம் முடிந்தது. நிலத்துக்கும் அவ்வாறே செய்தால் என்ன என்பது அவருடைய யோசனை. பத்திரங்கள் உரிமைக்குச் சாட்சியாய் இருந்த நிலை மாறி, பதிவு ஒன்றே உரிமை என்னும் நிலை அதனாற் பிறந்தது. நூறாண்டுக் கதையைத் தோண்ட வேண்டியதில்லை. இன்றைய ஏட்டில் இருப்பவனே உடையவன். வாங்குவோர்க்கும் கடன் கொடுப்போர்க்கும் இது பெருநன்மை என்பதை மறுப்பதற்கில்லை.

இம்முறையை மலாய் மாநிலங்களுக்குக் கொணர்ந்தவருள் முதல்வர் வில்லியம் எட்வர்ட் மாக்ஸ்வெல் ஆவார். நீரிணைக் குடியேற்றங்களில் நிலவுரிமை ஆணையராய் இருந்த அவர், ஆஸ்திரேலியா சென்று டாரன்ஸ் முறையை நேரிற் கண்டறிந்தார். மலாய்க்காரரின் நில வழக்கங்களைக் குறித்து 1884-இல் விரிவான ஆராய்ச்சியும் எழுதினார். 1889 முதல் 1892 வரை சிலாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாய் இருந்தபோது, 1891-இல், நிலச்சட்டத்தையும் உரிமைப் பதிவு விதிகளையும் இங்கே நடைமுறைப்படுத்தினார்.

அதற்கு முன் இருந்த வழக்கம் யாது? மலாய்க்காரரிடையே நிலம் இரு வகைப்பட்டது. காடு வெட்டப்பட்டு, பயிரோ பழமரமோ நிற்கும் நிலம் 'தானா ஹிடுப்', அதாவது உயிருள்ள நிலம். உழைப்பின் சுவடு இல்லாதது 'தானா மாத்தி', செத்த நிலம். செத்த நிலத்தை வெட்டித் திருத்தி உயிர் கொடுத்தவன், விளைச்சலிற் பத்தில் ஒரு பங்கை ஆள்வோர்க்குச் செலுத்தி, அதனை அனுபவித்து வரலாம். கைவிட்டுப் போனால் நிலம் மீண்டும் செத்ததாகும். கோடரியும் மண்வெட்டியுமே அந்நாளிற் பாத்தியதைக்கு ருசு.

புதிய சட்டம் அந்த ருசுவைச் செல்லாததாக்கியது. நிலமெல்லாம் ஆள்பவருடையது, ஆள்பவர் வழங்கிப் பதிவு செய்தாலன்றி எவர்க்கும் உரிமை இல்லை என்பது அதன் அடிப்படை. 1896-இல் ஐக்கிய மலாய் மாநிலங்கள் அமைந்தன. 1897-இலும் 1911-இலும் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. 1926-ஆம் ஆண்டின் நிலச்சட்டம் 1928-இல் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற பின், 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச்சட்டம் 1966 ஜனவரி முதல் நாள் தொட்டுத் தீபகற்பம் முழுவதுக்கும் பொதுவாயிற்று; ஆங்கிலப் பத்திர முறையிலிருந்த பினாங்கும் மலாக்காவும் அத்துடன் இம்முறைக்கு வந்து சேர்ந்தன. ஆட்சி மாறினும் அடிப்படை மாறவில்லை. அச்சட்டத்தின் 340-ஆம் பிரிவு, ஏட்டில் உள்ளவனின் உரிமையை, மோசடி முதலிய சில காரணங்களாலன்றி அசைக்க முடியாதென்கிறது. 341-ஆம் பிரிவு, பிறர் நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் அதனால் உரிமை பிறவாதென்கிறது. 48-ஆம் பிரிவு, அரசு நிலத்துக்கும் அவ்வாறே விதிக்கிறது. தமிழ்நாட்டில் நெடுங்கால அனுபவத்தால் பாத்தியதை பெறலாம் என்று கேட்டறிந்த நம்மவர், இங்கும் அவ்வாறே என்று நம்பியிருந்தது பெரும்பிழை.

சட்டம் வந்த காலமும் நாம் வந்த காலமும்

இச்சட்டம் வந்த காலமும் நம் பாட்டன்மார் பெருந்தொகையாகக் கப்பலேறி வந்த காலமும் ஒன்றே என்பதைக் கவனித்தல் வேண்டும். கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே 1886-இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1890-களில் காப்பியும், அதன்பின் ரப்பரும் கிள்ளான் மாவட்டத்தை மூடின. 1910-இல் ஒப்பந்தக்கூலி முறை ஒழிக்கப்பட்டது. 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரையிற் கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது நடந்தது. காட்டை வெட்டியவர், சதுப்பில் வாய்க்கால் இழுத்தவர், பால்மரம் நட்டவர், மலேரியாவில் மாண்டவர் எல்லோரும் தொழிலாளர். கிராண்டிற் பெயர் பெற்றவையோ பெரும்பாலும் லண்டனிற் பங்கு திரட்டிய கம்பெனிகள்.

பழைய வழக்கப்படி பார்த்தால் செத்த நிலத்துக்கு உயிர் கொடுத்த கை நம்முடையது. ஆனால் அது கூலி பெற்ற கை. சட்டத்தின் கண்ணில் அதனால் எந்த நில உரிமையும் எழவில்லை. தொழிலாளிக்குக் கொடுத்த லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். அறுபதாண்டு அங்கே பிறந்து வளர்ந்து முதிர்ந்தாலும் அது மாறாது.

பட்டணத்திலிருந்தோர் நிலையும் அதிக வேறுபாடுடையதன்று. பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் அங்கிருந்த செங்கற் சூளைகளால் வந்தது. 1881-இல் நெருப்பாலும் வெள்ளத்தாலும் கோலாலம்பூர் அழிந்தபின், அத்தாப்புக் குடிசைகளுக்குப் பதிலாகச் செங்கல் வீடுகள் எழ வேண்டுமென்று சுவெட்டன்ஹாம் கட்டளையிட்டார், சூளைகள் பெருகின. பின்னர் ரயில்வேக்காரர் குடியிருப்பு அங்கே அமைந்தது. தண்டவாளத்தைப் பேணிய தமிழ்த் தொழிலாளரும், நிலையத்தில் எழுதிய யாழ்ப்பாணத்துக் கிராணிமாரும் அங்கே வாழ்ந்தனர். நூறு குவார்ட்டர்ஸ் என்று பேர்பெற்ற வீட்டு வரிசை 1905-ஆம் ஆண்டளவில் எழுந்தது. நூறாண்டு கடந்தபின் இடிக்கப்பட்டது. அதில் வாழ்ந்தோர்க்கு நினைவுகள் உண்டு, கிராண்டு இல்லை. பென்ஷன் வந்த நாளில் திறவுகோலைத் திருப்பிக் கொடுத்து வெளியேறினர்.

நம் தலைவர்களும் இதனை நெடுநாள் உணரவில்லை. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் மாவட்டத்தில் நடந்த பெரிய வேலைநிறுத்தம் நம் சரித்திரத்திற் பெருமைக்குரியது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழிகாட்டியாயிருந்த ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். சீனத் தொழிலாளர்க்கு ஒத்த கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை ஒழிப்பு, துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டிய இழிவினின்று விடுதலை ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகள். அவை யாவும் நியாயமானவை. ஆயின், குடியிருக்கும் மண்ணைப் பற்றிய கோரிக்கை அவற்றுள் எழவில்லை. மானத்தையும் கூலியையும் கேட்ட அம்மக்களை நாம் குறைகூறவில்லை. நிலத்தைக் கேட்கலாம் என்று அவர்களுக்குச் சொல்ல ஒருவரும் இருந்திலர் என்பதையே கூறுகிறோம்.

தமிழருள் ஒரு வகுப்பார் மட்டும் ஏட்டின் வலிமையை அன்றே அறிந்திருந்தனர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிராண்டைப் பெட்டகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுத்தனர். மூல கிராண்டை ஒப்படைத்துக் கடன் பெறும் இவ்வேற்பாட்டை ஐக்கிய மலாய் மாநிலச் சட்டமும் ஏற்றது; தேசிய நிலச்சட்டத்தின் 281-ஆம் பிரிவில் இன்றும் அதற்கு இடமுண்டு. வட்டித் தொழிலை நாம் போற்றுபவரல்லேம். ஆயினும், காகிதத்தில் எழுதியிருப்பதை வரி விடாமற் படித்த பின்பே பணத்தை எண்ணி வைக்கும் அவர்களுடைய வழக்கம் மற்றத் தமிழர்க்கும் வந்திருக்குமாயின், நம் கதை வேறாயிருக்கும்.

துண்டாடலும் பத்து வெள்ளியும்

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியோர் அவற்றைச் சிறுசிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றனர். ஏட்டில் ஒரு பெயர் பல பெயராக மாறியபோது, லயத்திலிருந்தோர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அப்துல் அஸீஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதினார்.

இதற்கு மாற்றாக எழுந்த முயற்சியே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். 1960-ஆம் ஆண்டு வீ. தி. சம்பந்தன் அதனைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளி மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கொன்றை உடையவனாகலாம் என்பது திட்டம். தோட்டந்தோறும் அவரே நடந்து சென்று பங்கு சேர்த்தார். 1961-இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் பெயரிற் பதிவாயிற்று. அதன்பின் வேறு பல தோட்டங்களும் வாங்கப்பட்டன. பால்வெட்டிய மக்கள் தாம் பங்காளராயிருந்த சங்கத்தின் வாயிலாகக் கிராண்டைக் கண்ணாற் கண்டது அப்பொழுதுதான். கண்ணீராலும் மனுக்களாலும் கைகூடாதது மாதம் பத்து வெள்ளியாற் கைகூடிற்று. இவ்வொரு நிகழ்ச்சியை நம் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்ல வேண்டும்.

ஆயினும் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களிற் பெரும்பகுதி கம்பெனிகளிடமே இருந்தது. ஷா ஆலம், சுபாங், பூச்சோங், புக்கிட் ஜாலில் என்று நகர்கள் எழ எழ, ரப்பர் என்றிருந்த கிராண்டு கட்டடம் என்று மாற்றப்பட்டது, மரம் விழுந்தது, லயமும் விழுந்தது. தோட்டத்துக் கோயில்கள் நகரின் நடுவே பிறருடைய மனையில் நிற்பவையாயின. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்கு இன்றளவும் சொந்த நிலம் இல்லை. நிலம் அரசினுடையதன்று என்னும் காரணத்தால் அவற்றுக்கு முழு அரசாங்கப் பள்ளிக்குரிய உதவி கிடைப்பதில்லை.

இவற்றின் விளைவு சில சமயம் கொடியதாயிற்று. 2007 அக்டோபர் 30-இல் ஷா ஆலம் பாடாங் ஜாவா, கம்போங் ரிம்பா ஜெயாவில் ஆலயம் இடிக்கப்பட்டது. தீபாவளிக்கு ஒரு வாரமே இருந்த வேளை அது. அதனால் எழுந்த கொதிப்பு நவம்பர் 25-ஆம் நாள் கோலாலம்பூர் வீதிகளில் வெளிப்பட்டது. 2018 நவம்பரில் சுபாங் ஜெயாவின் சீபீல்டு மாரியம்மன் ஆலயத்தில் கலகம் மூண்டது. கடமைக்கு வந்த இளந்தீயணைப்பு வீரர் ஒருவர் அங்கே காயமுற்றுப் பின்னர் உயிரிழந்தார். அவர் எந்த இனத்தவராயினும் அவ்விழப்பு நம் வீட்டு இழப்பே. நில உடைமையாளர்க்கும் ஆலயத்தார்க்கும் 2014-இலேயே நீதிமன்றத்தில் உடன்பாடு பதிவாகியிருந்தும், ஆலயத்தை நிர்வகிக்கும் உரிமை யாருக்கு என்பதில் நமக்குள்ளேயே பிணக்கு இருந்தது என்பதை மறைப்பதிற் பயனில்லை.

மண்ணுக்கு மேலும் மண்ணுக்கு அடியிலும்

எண்ணெயிற் தொடங்கிய நாம் அதற்கே ஒருமுறை திரும்புவோம். அமெரிக்கரைப் போல நம் நாட்டில் நிலக்காரன் தன் மண்ணடியில் எண்ணெய் இருப்பின் செல்வனாகலாமோ எனின், ஆகான். சரவாக்கின் மிரியில் 1910-இல் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டது. 1974-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், நாட்டின் நிலத்தடியிலும் கடலடியிலும் உள்ள எண்ணெய், எரிவாயு முழுவதையும் பெட்ரோனாஸ் நிறுவனத்துக்கே உரியதாக்கிவிட்டது. இங்கே கிராண்டு மேல்மண்ணுக்கு மட்டுமே பேசும். ஆகவே எண்ணெயின் உடையவர் யார் என்று தேடும் வேலை இங்கில்லை. குழாய் செல்லும் வழி யாருடையது, எவர் இசைவு வேண்டும், எவர்க்கு ஈடு தர வேண்டும் என்று தேடும் வேலையே உண்டு. திரங்கானுவின் கெர்த்தேயிலிருந்து புறப்பட்டுத் தீபகற்பமெங்கும் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் எரிவாயுக் குழாய்கள் கிள்ளான் பள்ளத்தாக்கையும் அடைகின்றன. 2025 ஏப்ரல் முதல் நாள் சுபாங் ஜெயாவின் புத்ரா ஹைட்ஸில் அக்குழாய் வெடித்து மணிக்கணக்கில் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர், பல வீடுகள் அழிந்தன. தம் வாசலுக்கு அருகே என்ன புதைந்திருக்கிறதென்பதை ஒருவர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

நிலம் எடுக்கப்படும் வேளையிலும் ஏடே பேசும். 1960-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டப்படி ஈடு பெறுபவர் நிலத்தில் உரிமையுடையவர். குடியிருந்தோம் என்று மட்டும் சொல்லி நிற்பவர்க்கு இரக்கம் கிடைக்கலாம். அதனைச் சட்டப்படி கேட்டுப் பெறுவது அரிது.

ஏடும் தெய்வவாக்கன்று

இவ்வாறெல்லாம் கூறுவதால் பதிவேட்டை நாம் தெய்வவாக்காகக் கொள்ளச் சொல்கிறோம் என்று எவரும் கருத வேண்டா. பினாங்கு நிலமொன்றை, உடையவர் அறியாமலே, பொய்க் கையெழுத்தால் ஒருவர் விற்றுவிட்டார். நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில், நல்லெண்ணத்தோடு வாங்கியவர்க்கே நிலம் என்று தீர்ப்பளித்தது. உண்மையில் உடையவர் வெறுங்கையராய் நின்றார். சட்டமறிந்தோர் பலர் இத்தீர்ப்பைக் கண்டித்தனர். 2010 ஜனவரியில் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், முந்திய கருத்துத் தவறென்று திருத்தியது. பொய்யாவணத்தின் வழியே நேராக வாங்கியவரின் உரிமை நிலையாது. அவரிடமிருந்து பின்னர் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவர்க்கே காப்பு உண்டு என்பது இன்றைய நிலை. ஆகவே கிராண்டைப் பெட்டியிற் பூட்டி வைத்திருப்போரும் அவ்வப்போது ஏட்டைப் பார்த்துவரக் கடமைப்பட்டவர்.

சட்டத்தைச் செய்தோரையும் நாம் ஒன்று கேட்போம். காட்டை நாடாக்கிய உழைப்புக்கு ஏட்டில் ஒரு வரிகூட இல்லையென்றால், அந்த ஏட்டின் நீதி முழுமையான நீதியாகுமோ? மூன்று தலைமுறை ஒரு தோட்டத்தை வாழ்வித்தோர்க்கு, அத்தோட்டம் நகரமாகி விலையேறும் நாளில் ஒரு வீட்டுமனையேனும் உரியதென்று விதிப்பது ஆட்சியாளர்க்கு அரிய காரியமன்று. அதனைக் கேட்பதும் நம் கடமை. ஆனால் அது வரும் வரை, இருக்கின்ற சட்டத்தை அறியாமலிருப்பது அறிவுடைமையாகாது.

செய்ய வேண்டுவன

செய்ய வேண்டுவது பெரிதன்று. மனையின் லாட் எண், கிராண்டு எண், முக்கிம், மாவட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு நில அலுவலகம் செல்ல வேண்டும். மலாயில் 'சாரியான்' எனப்படும் தேடல் இரு வகை: ஏட்டைத் தாமே பார்த்தல் ஒன்று, அலுவலகத்தின் சான்றோடு பெறுதல் மற்றொன்று. சட்டத்தின் 384, 385 ஆம் பிரிவுகள் இவற்றைக் கூறுகின்றன. வந்த தாளில் உடையவர் பெயர் மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடலாகாது. நிலம் எவ்வகைப் பயனுக்குரியது, என்ன நிபந்தனை, குத்தகையாயின் எந்த ஆண்டு முடிகிறது, அடமானம் உண்டா, எவரேனும் தடைமனு பதிந்துள்ளனரா என்று வரிவரியாகப் படிக்க வேண்டும். விவசாய நிலத்தின் ஒரு கிராண்டில் பலர் பெயரைச் சேர்த்துவிட்டு, இந்த மூலை உனக்கு, அந்த மூலை எனக்கு என்று வாய்ப்பேச்சில் மனை விற்பவரை நம்பிச் சேமிப்பையெல்லாம் கொட்டுவோர் இதனைப் பலமுறை படிப்பாராக.

வாங்குவதற்கு முன்பணம் கொடுத்தவர் தம் உரிமையைக் காக்கத் தடைமனு பதியலாம். அது ஆறாண்டு நிற்கும். 'டி.ஓ.எல்.' எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் வைத்திருப்போர், அது ஆண்டுதோறும் டிசம்பர் 31-ஆம் நாளோடு முடிவதென்பதையும், புதுப்பிக்கத் தவறினால் பிடிக்க ஒன்றுமில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஆலயக் குழுவினர், கோபுரத்துக்கு நிதி திரட்டுமுன், தம் ஆலயம் நிற்கும் மண் அரசினதா, தனியாருடையதா, 62-ஆம் பிரிவின்படி வழிபாட்டுக்கென ஒதுக்கி அரசிதழில் அறிவிக்கப்பட்டதா என்பதைத் தெரிந்து ஊர்க்கூட்டத்தில் வாசிக்க வேண்டும். பள்ளி வாரியத்தாரும் அவ்வாறே செய்வாராக. படித்த இளைஞர்கள் ஓய்வு நாளொன்றில் தத்தம் வட்டாரத்துக் கோயில், பள்ளி, இடுகாடு ஆகியவற்றின் லாட் எண்களைத் திரட்டி ஒரு பட்டியல் செய்வாராயின், அது திருவிழாவிற் செய்யும் அன்னதானத்துக்குச் சற்றும் குறைந்த தொண்டாகாது.

நம் பாட்டன்மார் கைநாட்டு வைத்தவர்கள். எழுதியிருப்பது என்னவென்று அறியாமலே கைநாட்டு வைத்தார்கள், அவர்கள்மீது குற்றமில்லை. நாம் எழுதவும் படிக்கவும் அறிந்தவர்கள். நம் வீடும் ஆலயமும் பள்ளியும் நிற்கும் மண் எவர் பெயரில் இருக்கிறதென்று இனியும் அறியாதிருப்போமாயின், குற்றம் நம்முடையதே. அடுத்த தீபாவளிக்கு முன்னர், தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தமிழர் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் நில அலுவலகத்தின் படியேறி, அந்த ஏட்டைத் திறந்து பார்ப்பார்களாக.